வெட்கமா, வியாழக்கிழமையா? (ஓர் இணைய மன்ற இழையிலிருந்து)

10.09.2024, மாலை 6.40 – வைகைக்கரை

இன்று தற்கொலைத் தடுப்பு நாள். எங்கள் கல்லூரியில் ஊர்வலம் போனோம். திரும்பி வந்ததிலிருந்து ஒரே யோசனை. நம் ஊரில் மனநோய் இவ்வளவு பரவிக் கிடக்கிறது, டாக்டரிடம் போகிறவர்கள் மட்டும் விரல் விட்டு எண்ணும் அளவில்தான். காரணம் வெட்கமும் அறியாமையும்தான் என்கிறேன். 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று கிண்டல் செய்கிற ஊரில் யார் போவார்கள்? விழிப்புணர்வு வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும். மறுப்பவர்கள் உண்டா?

10.09.2024, இரவு 10.15 – மண்டிக்கணக்கு

நான் மறுக்கிறேன்.

என் அண்ணனுக்கு மனச்சிதைவு நோய். 2009ல் தொடங்கியது, அப்போது அவனுக்கு 24 வயது. ரேடியோவில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றான். பிறகு பக்கத்து வீட்டு மிக்சி சத்தத்திலும் பேசினார்கள். முதல் இரண்டு வருடம் நீங்கள் சொல்கிற வெட்கமும் அறியாமையும் எங்களைக் கட்டிப்போட்டது உண்மை. 2011ல் மதுரையில் ஒரு தனியார் டாக்டரிடம் போனோம், காசு கரைந்தது. 2014லிருந்து தாலுகா அரசு ஆஸ்பத்திரி. மாத்திரை இலவசம். அண்ணன் இப்போது மாடு பார்க்கிறான், டீ போடுகிறான், கிரிக்கெட் பார்த்துக் கெட்ட வார்த்தை பேசுகிறான். நல்லா இருக்கான்.

இந்தப் பத்து வருடத்தில் எங்களுக்கு விழிப்புணர்வு குறைந்த நாள் ஒன்றுகூட இல்லை. எங்களுக்கு இடைஞ்சல் வியாழக்கிழமைதான். மனநல டாக்டர் எங்கள் தாலுகாவுக்கு வருவது வாரத்தில் அந்த ஒரு நாள் மட்டும், அதுவும் மதியம் ஒரு மணி வரை. நான் அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறவன். எங்கள் ஊர்ச் சந்தையும் வியாழக்கிழமைதான். மண்டியில் அன்றைக்கு லீவு கேட்பதும் ஐயரிடம் முகூர்த்த நாளில் லீவு கேட்பதும் ஒன்று.

அண்ணன் தனியாகப் பஸ் ஏறமாட்டான். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. ஆக நான்தான் போக வேண்டும். நான்கு வாரத்துக்கு ஒரு வியாழன். போய்வர இரண்டு பஸ், அரை நாள், அரை நாள் சம்பளம். இதை வருடம் 13 தடவை, பத்து வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். பாதியில் மாத்திரையை நிறுத்திய குடும்பங்கள் எனக்கு நாலைந்து தெரியும். ஒருவர்கூட வெட்கப்பட்டு நிறுத்தவில்லை, அலுத்துப்போய்த்தான் நிறுத்தினார்கள்.

12.09.2024, இரவு 9.30 – மண்டிக்கணக்கு

மனநோய் எத்தனை பேருக்கு, சிகிச்சை எத்தனை பேருக்கு என்று எண் கேட்டிருக்கிறீர்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் (மத்திய அரசின் மனநல ஆஸ்பத்திரி) 2015-16ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்த தேசிய மனநல ஆய்வைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதன்படி பெரியவர்களில் இப்போது ஏதோ ஒரு மனநோயோடு இருப்பவர்கள் 13.7 சதவீதம். சிகிச்சை கிடைக்காதவர்கள், நோயைப் பொறுத்து, 70லிருந்து 92 சதவீதம் வரை.

கணக்குப்பிள்ளைக் கண்ணால் இன்னொன்றைப் பாருங்கள். மனச்சோர்வு, பதற்றம் மாதிரி பரவலாக இருக்கும் நோய்களில் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சை இல்லை. மனச்சிதைவு, இருதுருவ நோய் மாதிரி கடுமையானவற்றில் நான்கில் மூன்று பேருக்கு இல்லை. வெட்கம்தான் முக்கியத் தடை என்றால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? 'பைத்தியம்' என்று ஊர் சொல்வது என் அண்ணன் மாதிரி ஆட்களைத்தானே தவிர, தூக்கம் வராமல் தலைபாரம் என்று அலைகிற அத்தையை இல்லை. ஆனால் அண்ணனுக்கு மாத்திரை கிடைக்கிறது, அத்தைக்குக் கிடைக்கவில்லை. அத்தை பத்து வருடமாகத் தலை ஸ்கேன், கண் பரிசோதனை, சத்து ஊசி என்று போய்க்கொண்டிருக்கிறாள். மனசு என்ற வார்த்தையை எந்த டாக்டரும் அவளிடம் சொன்னதில்லை. சொல்ல அவர்களுக்கு நேரமும் இல்லை.

அதே ஆய்வில், சிகிச்சைக்கும் அதற்குப் போய்வரும் செலவுக்குமாகக் குடும்பங்கள் மாதம் 1,000 முதல் 1,500 ரூபாய் வரை செலவழிப்பதாக இருக்கிறது. ஊர்வலத் தட்டியில் இதை எழுதிப் பார்த்ததுண்டா?

13.09.2024, காலை 7.05 – மண்டிக்கணக்கு

திருத்தம். 13.7 என்பது வாழ்நாளில் எப்போதாவது வந்தவர்களின் கணக்கு. இப்போது இருப்பவர்கள் 10.6 சதவீதம். கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் இப்படித் தப்புப் போட்டது முதலாளிக்குத் தெரிய வேண்டாம்.

13.09.2024, இரவு 11.00 – மண்டிக்கணக்கு

தேனிக்காரர் கேட்டது சரியான கேள்வி. கடுமையான நோய் வந்தவர்கள் தாங்களாகப் போவதில்லை, வீட்டில் உள்ளவர்கள் இழுத்துக்கொண்டு போகிறார்கள், அதனால் அந்தக் கணக்கை வைத்து வெட்கத்தை அளக்க முடியாது என்கிறார். ஒப்புக்கொள்கிறேன். எனக்கு அது தோன்றவில்லை. அண்ணனை 2011ல் பஸ்ஸில் ஏற்ற நான்கு பேர் தேவைப்பட்டார்கள். அத்தையை ஏற்ற யார் வருவார்கள்?

16.09.2024, இரவு 10.40 – மண்டிக்கணக்கு

அண்ணனைக் கோயிலுக்குக் கூட்டிப் போனீர்களா என்று கேட்டவருக்கு.

போனோம். 2010ல் அம்மா அண்ணனைக் கூட்டிக்கொண்டு குணசீலம் பெருமாள் கோயிலுக்குப் போய் ஒரு மண்டலம் தங்கினாள். 48 நாள். முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். நான் அப்போது கல்லூரி முடித்த திமிரில் அம்மாவோடு சண்டை போட்டேன். 'மூடநம்பிக்கையால ரெண்டு மாசம் வீணாப் போச்சு' என்று சொன்னது நினைவிருக்கிறது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

பிறகுதான் ஒன்றைப் படித்தேன். திண்டுக்கல் பக்கம் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற ஊரில் முத்துசுவாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை நிம்ஹான்ஸ் ஆட்கள் பார்த்து, 2002ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியிருக்கிறார்கள். சராசரியாக ஆறு வாரத் தங்கல். மருந்தும் இல்லை, பேயோட்டலும் இல்லை. காலையில் சின்னப் பூஜை, கோயில் வேலை, சாப்பாடு, கூடவே வீட்டு ஆள் ஒருவர். நோய்க்குறி அளவு கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தது. அதற்காக மாத்திரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 20 சதவீதத்தில் ரேடியோ வாயை மூடாது. ஆனால் அந்த 48 நாளும் அண்ணனைச் சுற்றி இருந்தவர்கள் யாரும் அவனை வேடிக்கை பார்க்கவில்லை, எல்லோரும் அவன் மாதிரியே இருந்தார்கள். அம்மாவும் மற்ற அம்மாக்களோடு பேசிக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவில் அதற்கு முன்னும் பின்னும் அவள் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை.

இதற்கு இன்னொரு முகம் இருக்கிறது. ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. தர்கா பக்கத்தில் தனியார் ஒருவர் மனநோயாளிகளை வைத்து நடத்திய கொட்டகையில் தீ. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை, 28 பேர் செத்தார்கள். அவர்கள் வீட்டு ஆட்களைத் திட்டுகிறவர்கள் இங்கே நிறைய. நான் திட்டமாட்டேன். 2009ல் ஒரு வாரம் அண்ணனை மாட்டுக் கொட்டகையில் கயிறு போட்டுக் கட்டி வைத்தோம். நான்தான் முடிச்சுப் போட்டேன்.

19.09.2024, காலை 6.50 – மண்டிக்கணக்கு

மேலே கடைசி இரண்டு வரியை அழிக்கலாமா என்று மூன்று நாளாக யோசித்தேன். இருக்கட்டும்.

03.10.2024, இரவு 9.50 – மண்டிக்கணக்கு

இன்று முறை. போய்வந்தோம்.

ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம், உங்கள் ஊரிலும் இப்படித்தான் இருக்கும். ஓ.பி. சீட்டு வரிசை 40 நிமிடம். மனநல டாக்டர் உட்காரும் அறைக்கு அடுத்தது பல் டாக்டர் அறை. பல் டாக்டர் அறை வாசலில் நீள பெஞ்ச். அந்த பெஞ்சில் எப்போதும் கூட்டம். எங்கள் அறை வாசலில் கிடக்கும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும் காலி. ரொம்ப நாள் எனக்கு இது புரியவில்லை. நர்ஸம்மா வந்து சீட்டை வாங்கி நம்பர் கூப்பிட்டால் பல் பெஞ்சிலிருந்து எழுந்து இந்தப் பக்கம் வருகிறார்கள். அந்த பெஞ்சில் பாதிப் பேருக்குப் பல்வலியே கிடையாது.

நாங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்காருவோம். அண்ணனுக்குச் சாய்ந்து உட்கார வேண்டும்.

டாக்டர் நல்ல பெண். 50 பேரை நாலு மணி நேரத்தில் பார்த்தாக வேண்டும். 'தூக்கம் வருதா, சாப்பிடுறீங்களா, குரல் கேக்குதா?' அண்ணன் சொன்னான்: 'கேக்குது மேடம். ஆனா முந்தி மாதிரி அதட்டுறதில்ல. வயசாயிடுச்சு போல.' டாக்டர் தலை நிமிர்ந்து சிரித்தார். ரிஸ்பெரிடோன் அதே அளவு, கை நடுக்கத்துக்குச் சின்ன மாத்திரை. 30 நாளுக்கு. பழுப்புக் கவரில் 'இரவு 1' என்று எழுதிக் கொடுத்தார்கள்.

நம் நாட்டில் லட்சம் பேருக்கு மனநல டாக்டர் 0.75 என்பார்கள். முக்கால் டாக்டர். அவரும் வேலை நாள் ஐந்தில் ஒரு நாள்தான் எங்களுக்கு. 0.15. இன்று பார்த்தது அந்த 0.15ஐத்தான். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அப்புறம் ஒரு சிக்கல். அடுத்த முறை அக்டோபர் 31. காலண்டரைப் பாருங்கள். தீபாவளி.

05.10.2024, இரவு 11.20 – மண்டிக்கணக்கு

தேனிக்காரர் என் பல் பெஞ்சையே எடுத்து என்னை அடிக்கிறார். 'வெட்கம் இல்லை என்றீர்களே, அந்த பெஞ்ச் என்ன?' என்கிறார்.

இரண்டு நாளாக அதற்குப் பதில் தேடினேன். கிடைத்தது வேறொன்று.

மண்டியில் நான் லீவு கேட்பது 'அம்மாவுக்குச் சுகர், ஆஸ்பத்திரி போகணும்' என்று. 2014ல் முதல் தடவை வாயில் அதுதான் வந்தது. முதலாளிக்கும் சுகர் என்பதால் உடனே விட்டுவிட்டார். அதன்பிறகு மாற்ற முடியவில்லை. போன வைகாசியில் முதலாளி மகள் கல்யாணம், எங்களுக்கும் அழைப்பு. பந்தியில் அம்மா இலைக்குப் பாயாசம் வருகிறது. அம்மாவுக்குப் பாயாசம் என்றால் உயிர். எதிரே முதலாளி நிற்கிறார். 'அம்மாவுக்கு வைக்காதப்பா, சுகர்' என்று அவரே வாளியைத் தடுத்தார். அம்மா என்னைப் பார்த்தாள். 'ஆமாய்யா, வேணாம்' என்றாள். ஒரு சொட்டுச் சர்க்கரை வியாதி இல்லாத கிழவி. வீட்டுக்கு வந்து நாங்கள் மூன்று பேரும் இதைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தோம், அண்ணன்தான் ரொம்ப.

இத்தனை நாள் இதைச் சிரிப்புக் கதையாகவே சொல்லிவந்திருக்கிறேன். எழுதிப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. 'வெட்கம் இரண்டு வருடம், வியாழக்கிழமை பத்து வருடம்' என்று கணக்குச் சொன்னேனே, அதைத் திரும்பப் போட வேண்டும். அண்ணனுக்குத்தான் ஆஸ்பத்திரி என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் வியாழக்கிழமையே இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காதோ என்னவோ. முதலாளி வேறு ஆளைப் போட்டிருப்பார். இல்லை, என்னையே மாற்றியிருப்பார். தெரியாது. கேட்டதில்லை.

வைகைக்கரை, உங்கள் பக்கம் அரை மதிப்பெண்.

06.10.2024, காலை 6.30 – மண்டிக்கணக்கு

ராத்திரி எழுதியதில் விட்டது. எங்கள் ஊரில் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆள் மாதாமாதம் வீடு வீடாக வருகிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். பிரஷர், சுகர் மாத்திரை வாசலுக்கே வரும். அண்ணன் மாத்திரை வராது. அம்மாவுக்கு நிஜமாகவே சுகர் இருந்திருந்தால் எனக்கு லீவே தேவைப்பட்டிருக்காது.

இதற்குச் சிரிப்பதா என்னவென்று தெரியவில்லை.

10.10.2024, மதியம் 1.45 – மண்டிக்கணக்கு

இன்று உலக மனநல நாள். இந்த வருடத் தலைப்பு வேலை செய்யும் இடத்தில் மனநலம். நான் வேலை செய்யும் இடத்தில் மூட்டை ஏறிக்கொண்டிருக்கிறது. சந்தை நாள். மீதி ராத்திரி.

10.10.2024, இரவு 10.30 – மண்டிக்கணக்கு

சட்டம் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017ல் வந்தது, 2018 மே 29 முதல் அமல். சங்கிலியால் கட்டக் கூடாது. மயக்க மருந்து இல்லாமல் மின்அதிர்ச்சி கூடாது. மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை. இன்சூரன்ஸ் கம்பெனிகள் உடல் நோய்க்குச் சமமாக மனநோய்க்கும் பணம் தர வேண்டும். நல்ல சட்டம். பாலிசி வைத்திருப்பவர்கள் அந்தக் கடைசி வரியைக் குறித்துக்கொள்ளுங்கள், நிறையப் பேருக்குத் தெரியாது.

14416 பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், 2022 இதே நாளில் தொடங்கியது. 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குச் சாகலாம் போல இருக்கிறது என்று யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், இழையை அப்புறம் படிக்கலாம், முதலில் அந்த எண்ணை அழுத்துங்கள்.

29.10.2024, இரவு 9.15 – மண்டிக்கணக்கு

மாத்திரைக் கணக்கு. செப்டம்பர் 5ல் 30, அக்டோபர் 3ல் 30. 28 நாளுக்கு ஒரு முறை என்பதால் இரண்டு மிச்சம். நவம்பர் 3 ராத்திரி வரை வரும். 31 தீபாவளி, 1ம் தேதியும் அரசு விடுமுறை. அடுத்த வியாழன் நவம்பர் 7. ஆக 4, 5, 6, மூன்று ராத்திரிக்கு மாத்திரை இல்லை. மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில் தினமும் ஓ.பி. உண்டு, 64 கிலோமீட்டர். அண்ணன் அவ்வளவு நேரம் பஸ்ஸில் உட்காரமாட்டான், அவன் இல்லாமல் நான் மட்டும் போனால் தருவார்களா என்பது அன்றைக்கு அறையில் இருப்பவரைப் பொறுத்தது.

மூன்று ராத்திரிதானே என்பீர்கள். 2017ல் ஐந்து ராத்திரி விட்டது. பழையபடி ஆக ஒன்றரை மாதம் பிடித்தது.

அக்டோபர் 3லேயே காலண்டரைப் பார்த்து 'மேடம், 35 நாளுக்குக் கொடுங்க' என்று கேட்டிருக்கலாம். கதவைத் தாண்டி வெளியே வந்த பிறகுதான் தோன்றியது. பின்னால் 20 பேர் நின்றார்கள்.

30.10.2024, இரவு 8.40 – மண்டிக்கணக்கு

மண்டியில் தீபாவளி போனஸ். எல்லோருக்கும் ஒரு கிலோ இனிப்பு. எனக்கு மட்டும் கூடுதலாக ஒரு சின்னப் பெட்டி. 'அம்மாவுக்கு. சர்க்கரை இல்லாதது, தனியாச் சொல்லி வாங்கினேன்' என்றார் முதலாளி.

05.11.2024, இரவு 11.55 – மண்டிக்கணக்கு

நேற்று ராத்திரி மாத்திரை இல்லை. இன்று காலை அண்ணன் டீ போடவில்லை. டி.வி.யின் ஒலியைக் குறைத்துவிட்டுப் படம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

14416க்குப் பேசினேன். பொறுமையாகக் கேட்டார்கள். மாத்திரை விட்டுப் போகக் கூடாது, பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் கேட்டுப் பாருங்கள், முடியாவிட்டால் மாவட்ட ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றார்கள். சாயங்காலம் மண்டியிலிருந்து நேராகப் போனேன். முதல் கடையில் பழைய சீட்டு செல்லாது என்றார்கள், அது அவர்கள் விதி. இரண்டாவது கடைக்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நாலு மாத்திரை வெட்டிக் கொடுத்தார். மாத்திரைக்குக் கொடுத்ததைவிட ஆட்டோவுக்குக் கொடுத்தது அதிகம்.

ஏன் ஆட்டோ? எங்கள் தெரு முனையிலேயே மெடிக்கல் இருக்கிறது. அந்தப் பையன் என்னோடு படித்தவன். அங்கே கேட்கவே இல்லை நான். ஆட்டோ பிடித்து அடுத்த டவுனுக்குப் போனேன். திரும்பி வரும் வழியில்தான் உறைத்தது. வைகைக்கரை, இன்னொரு அரை மதிப்பெண் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது தூங்குகிறான்.

08.11.2024, காலை 7.20 – மண்டிக்கணக்கு

நேற்று வியாழன். போனோம். பெரிதாக ஒன்றும் இல்லை, டாக்டர் அளவை மாற்றவில்லை. 'ஒரு ராத்திரிதான் விட்டுதா, பரவாயில்லை' என்றார். டிசம்பருக்கும் ஜனவரிக்கும் காலண்டரை மொபைலில் காட்டி, பொங்கல் வாரத்தைச் சொல்லிக் கேட்டேன். 'அப்ப 45 நாளுக்கு எழுதுறேன்' என்றார். அவ்வளவுதான், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பத்து வருடமாகக் கேட்காமல் இருந்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் காலண்டரோடு போங்கள்.

சர்க்கரை இல்லாத இனிப்பு அப்படியே கிடந்தது. அம்மா தொடவில்லை, அவள் நல்ல மைசூர்பாகைத் தின்றுகொண்டிருக்கிறாள். நேற்று பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் அண்ணன் அதில் நாலு துண்டு தின்றுவிட்டு, 'சுண்ணாம்புக்கட்டி மாதிரி இருக்குடா, பாவம் சுகர்காரங்க' என்றான்.

லீவு நோட்டில் பத்து வருடத்தில் முதல் தடவையாக 'அண்ணனுக்கு ஆஸ்பத்திரி' என்று எழுதியிருந்தேன். இன்று காலை கடை திறந்ததும் முதலாளி அதைப் பார்த்துவிட்டு, 'அண்ணனுக்கு என்னப்பா?' என்றார்.

'பல்லு' என்றேன்.